கேட்டால்தான் திறக்கும் பெட்டி

சந்திப்பு மலர் என்றால் விடுதிச் சாப்பாடு, அரியர்ஸ், காலை எட்டு மணி லேப், பஸ் ஸ்டாப் கலாட்டா இவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ஒரு மரபு இருக்கிறது. அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம் செட்டிலேயே பத்துப் பேர் தேறுவார்கள். நான் இந்தக் கல்லூரியை விட்ட நாள் முதல் கம்ப்யூட்டர் சர்வீஸில் குப்பை கொட்டியவன். ஆகவே மலர்க் குழுவினரிடம், "ஒரு சரித்திரக் கட்டுரை தருகிறேன், போடுவீர்களா?" என்று கேட்டேன். "சோழரா, பாண்டியரா?" என்றார்கள். "இரண்டும் இல்லை. ஒரு பெட்டியின் சரித்திரம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, ஆனால் ரொம்ப டெக்னிக்கலாகப் போய்விடாதீர்கள்" என்று அனுமதி கொடுத்தார்கள். அவர்களுக்கு நன்றி.

அந்தப் பெட்டி இன்று இங்கே படிக்கும் தம்பி தங்கைகளில் பெரும்பாலோரின் முதுகுப் பையில் இருக்கிறது. மடிக்கணினி! பல வீடுகளில் அப்பா அம்மா நகையை வைத்தோ, தவணை கட்டியோ வாங்கிக் கொடுத்த பொருள். நாற்பது வருஷத்துக்கு மேலாக அது மெலிந்துகொண்டே வந்திருக்கிறது, வேகமும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. கூடவே ஒன்று குறைந்துகொண்டு வந்தது. வாங்கியவர் அதைத் திறந்து, பழுதான ஒரு பாகத்தை மாற்றி, அல்லது இன்னும் கொஞ்சம் மெமரி போட்டு, மேலும் நாலு வருஷம் ஓட்டும் வாய்ப்பு. அது எப்படிக் குறைந்தது? அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வியாபாரம்? திரும்பக் கிடைக்குமா? இதுதான் விஷயம்.

திருவண்ணாமலையில் வளர்ந்த பையன்

தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டரைச் செய்து, அதை வியாபாரத்திலும் முதலில் ஜெயித்துக் காட்டியவர் ஆடம் ஆஸ்போர்ன். பெயரைக் கேட்டதும் யாரோ வெள்ளைக்காரர் என்று தள்ளிவிடாதீர்கள். 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர்தான். ஆனால் அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியவர், மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதியவர். அதனால் ஆடமின் பிள்ளைப் பருவம் திருவண்ணாமலையில் கழிந்தது. தமிழ் சரளமாகப் பேசுவாராம்!

1981-ல் அவர் கொண்டுவந்த 'ஆஸ்போர்ன் 1' பார்ப்பதற்குத் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். எடை சுமார் 11 கிலோ. ஐந்து அங்குலத் திரை. இரண்டு ஃப்ளாப்பி டிரைவ். விலை 1,795 டாலர். மடியில் வைத்தால் மடி தாங்காது. மேஜைக் கம்ப்யூட்டரை சூட்கேஸில் அடைத்த ஏற்பாடு அது. கம்பெனி மின்னல் வேகத்தில் வளர்ந்து, 1983-லேயே திவாலானது. ஆஸ்போர்ன் பிற்காலத்தில் இந்தியாவுக்கே திரும்பி வந்து, 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.

அதே 1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டது. அதற்கென்று அந்தக் கம்பெனி விற்ற தொழில்நுட்பக் கையேட்டில் சர்க்யூட் படங்கள் இருந்தன. பயாஸ் புரோகிராமே வரிக்கு வரி அச்சாகி இருந்தது! உள்ளே ஐந்து ஸ்லாட்டுகள். "இந்தப் பெட்டி உன்னுடையது, திறந்து பார், வேண்டியதைச் சொருகிக்கொள்" என்கிற மனோபாவம் அதில் தெரிந்தது. பிற்பாடு உலகமெங்கும் 'அசெம்பிள்டு பி.சி.' என்று ஒரு தொழிலே கிளம்பியதற்கு அந்தத் திறந்த மனசு முக்கியமான காரணம்.

1982-ல் 'கிரிட் காம்பஸ்' வந்தது. திரையைக் கீலில் மடித்துக் கீபோர்டு மேல் மூடுகிற அமைப்பு அதில்தான் பிரபலமாயிற்று. வடிவமைத்தவர் பில் மோகரிட்ஜ். மெக்னீசியம் உடம்பு, எட்டாயிரம் டாலருக்கு மேல் விலை. சாமானியன் வாங்க முடியாது. விண்வெளி ஓடத்தில் பறந்தது. 1985-ல் தோஷிபா டி1100 சுமார் நாலு கிலோவுக்கு இறங்கி வந்தது. மடிக்கணினி என்று கூச்சமில்லாமல் சொல்லும்படி ஆச்சு.

ஆனால் எல்லோரும் ஐ.பி.எம். போலத் தாராளமாக இல்லை. 1984-ல் வந்த முதல் மெக்கின்டாஷ் ஒரு பூட்டிய பெட்டி. ஸ்லாட் கிடையாது. 128 கிலோபைட் மெமரி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. கைப்பிடிக்குக் கீழே ஆழமான குழிக்குள் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ. அதற்கு நீளமான ஒரு விசேஷ டிரைவர் வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், வாங்கியவர் திறக்கவே கூடாத அந்தப் பெட்டியின் உட்சுவரில், செய்தவர்கள் தங்கள் கையெழுத்துகளை வார்த்து வைத்திருந்தார்கள்! ஆக, திறந்த பெட்டி, மூடிய பெட்டி என்கிற இரண்டு கட்சிகளும் ஆரம்பத்திலிருந்தே இருக்கின்றன. இடையில் எந்தக் கட்சி ஆட்சி செய்தது என்பதுதான் மீதிக் கதை.

ஸ்க்ரூவின் பொற்காலம்

1990-களின் ஆரம்பத்தில் மடிக்கணினிகளுக்குள் ஒரே குழப்பம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மெமரி அட்டை. ஒன்றுக்கு வாங்கினால் இன்னொன்றில் நுழையாது. பிறகு மெல்ல மெல்லப் பொதுவான அளவுகள் வந்தன. ஹார்ட் டிஸ்க்குக்கு இரண்டரை அங்குலம். மெமரிக்கு 'சோ-டிம்' என்கிற குட்டி அட்டை. பக்கவாட்டில் சொருக பி.சி. கார்டு. யார் செய்த பாகமும் யார் செய்த மெஷினிலும் உட்காரும் என்கிற நிலைமை வந்தது.

1992 அக்டோபரில் ஐ.பி.எம். 'திங்க்பேட் 700சி'யை வெளியிட்டது. கறுப்புப் பெட்டி, கீபோர்டு நடுவே சிவப்புப் பொட்டு. இதை வாங்கியவர்கள் பெரும்பாலும் பெரிய கம்பெனிகள். ஒன்று இரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "ரிப்பேர் ஆனால் என்ன செய்வது? எங்கள் ஆபீசர் எத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்?" என்பதுதான். அதற்கான பதிலை வடிவமைப்பிலேயே வைத்தார்கள். கழற்றி மாற்றக்கூடிய ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண். எந்த ஸ்க்ரூ எத்தனை மில்லிமீட்டர், எதை முதலில் கழற்றுவது, எதை அடுத்து என்று படம் போட்ட பராமரிப்புக் கையேடு. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடிப்பக்கத்தில் இந்த ஸ்க்ரூ கீபோர்டுக்கு, இந்த ஸ்க்ரூ மெமரிக்கு என்று சின்னச் சின்னப் படங்கள்கூட இருக்கும். 2005-ல் அந்தப் பிரிவு லெனோவோ கைக்குப் போன பிறகும் கையேடு வெளியிடும் வழக்கம் நிற்கவில்லை.

அந்தக் காலத்து மெஷின்களை என் கையால் எத்தனை திறந்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பேட்டரி போச்சா? தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். கீபோர்டில் காபி கொட்டிவிட்டதா? நாலைந்து ஸ்க்ரூ, ஒரு ரிப்பன் கேபிள், பத்து நிமிஷம். மெதுவாக ஓடுகிறதா? மெமரி மூடியைத் திறந்து இன்னோர் அட்டை. 2010-ஐ ஒட்டி எஸ்.எஸ்.டி. விலை இறங்க ஆரம்பித்ததும் ஒரு மாயாஜாலமே நடந்தது. சுழலும் தட்டும் நகரும் முள்ளும் உள்ள பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதே இரண்டரை அங்குல இடத்தில் எஸ்.எஸ்.டி.யை வைத்தால், கிழவன் குமரனாகி எழுந்து ஓடினான்! புது மெஷின் வாங்க வைத்திருந்த காசு வீட்டிலேயே தங்கியது.

சென்னை மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவை அறியாதவர் நம்மில் இருக்க மாட்டார்கள். பிராஜெக்டுக்கு ஐ.சி. வாங்க அலைந்த தெருவாயிற்றே! அந்தத் தெருவின் சின்னச் சின்னக் கடைகளும், மதுரை, கோவை, திருச்சியில் உள்ள அவற்றின் தம்பிகளும் வாழ்ந்தது இந்தப் பொது அளவுகளால்தான். ஒரு செத்த மெஷினின் திரை இன்னொன்றுக்கு உயிர் கொடுக்கும். செகண்ட் ஹாண்டில் வாங்கிய மாணவன் மெமரி ஏற்றி நாலு வருஷப் படிப்பையும் முடித்துவிடுவான்.

காகித உறையிலிருந்து வந்தது

2008 ஜனவரி 15. சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஓர் ஆபீஸ் காகித உறையைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஒரு மடிக்கணினியை உருவி எடுத்தார். மேக்புக் ஏர். அதிகபட்ச கனம் 1.94 சென்டிமீட்டர், எடை 1.36 கிலோ. கூட்டம் ஆர்ப்பரித்தது. சும்மா சொல்லக்கூடாது, அழகான பொருள்தான். ஆனால் அதன் 2 ஜி.பி. மெமரி போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டிருந்தது. பேட்டரிக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அடுத்த வருஷமே 17 அங்குல மேக்புக் ப்ரோவிலும் பேட்டரி உள்ளே போயிற்று. ஓர் உபகாரமும் நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். தாழ்ப்பாளும் தனி உறையும் போன இடத்தில் பெரிய பேட்டரி வைக்க முடிந்தது. அதிக நேரம் ஓடிற்று.

2011-ல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்று ஒரு கோஷத்தைக் கிளப்பியது. எல்லாக் கம்பெனிகளும் மெலியத் தொடங்கின. புராஸசரும் சாக்கெட்டை விட்டது. 2013-ல் வந்த நான்காம் தலைமுறையோடு மடிக்கணினிச் சில்லுகளைக் கழற்றி மாட்டும் வழக்கம் முடிந்தது. ஐந்தாம் தலைமுறை முதல் போர்டோடு ஒட்டிய உறவுதான்.

2012 ஜூனில் ரெட்டினா திரையுடன் மேக்புக் ப்ரோ வந்தது. அமெரிக்காவில் 'ஐஃபிக்ஸிட்' என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. கலிபோர்னியாவில் கைல் வீன்ஸ், லூக் சூல்ஸ் என்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் 2003-ல் ஆரம்பித்தது. கைல் தன் பழுதான ஐபுக்கைச் சரி செய்யக் கையேடு தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில் தாங்களே கழற்றிப் படம் எடுத்துக் கையேடு எழுதத் தொடங்கினார்கள். (மாணவர்களே, கோபத்தையும் இப்படி உருப்படியாகச் செலவழிக்கலாம்!) அவர்கள் ரெட்டினா மேக்புக்குக்குக் கொடுத்த மதிப்பெண் பத்துக்கு ஒன்று. ஐந்து இதழ் ஸ்க்ரூ, சாலிடர் செய்த மெமரி, பசை போட்டு ஒட்டிய பேட்டரி. ஒரு தேர்வில் இப்படி மார்க் வாங்கினால் நம் ஹெச்.ஓ.டி. அப்பாவை அழைத்து வரச் சொல்லியிருப்பார்.

அடுத்த மாதம் நடந்ததுதான் இந்தச் சரித்திரத்தின் முக்கியமான அத்தியாயம். அமெரிக்காவில் 'ஈபீட்' என்று ஒரு சுற்றுச்சூழல் தரச் சான்று உண்டு. சாதாரணக் கருவிகளால் எளிதில் பிரிக்க முடிய வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகளில் சேர்த்தி. 2012 ஜூலையில் ஆப்பிள் அந்தச் சான்றிலிருந்து விலகிக்கொண்டது. உடனே சான் பிரான்சிஸ்கோ நகராட்சி, "அப்படியானால் எங்கள் அலுவலகங்களுக்கு இனி மேக் வாங்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டது. அமெரிக்க அரசு அலுவலகங்களும் பல கல்லூரிகளும் அந்தச் சான்றைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சில நாட்களுக்குள், ஜூலை 13-ஆம் தேதி, விலகியது தவறு என்று சொல்லி ஆப்பிள் திரும்பி வந்தது! பிறகு அந்த ரெட்டினாவுக்கும் தங்கச் சான்று கிடைத்தது என்பது வேறு கூத்து. சான்றுகளுக்கும் ஓட்டைகள் உண்டு. இருந்தாலும் ஒரு விஷயம் தெளிவாயிற்று. தனி மனிதன் புலம்பினால் கேட்காத காது, மொத்தமாக வாங்குகிறவர் முகம் சுளித்தால் கேட்கிறது.

காரணம் எது, சால்ஜாப்பு எது?

கம்பெனிகளைத் திட்டுவது சுலபம். பொறியியல் படித்தவர்கள் நாம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மெமரியைச் சாலிடர் செய்வதற்கு உண்மையான காரணம் உண்டு. பேட்டரியை மிச்சப்படுத்தும் எல்.பி.டி.டி.ஆர். வகை மெமரி, குறைந்த வோல்ட்டேஜில் மிக வேகமாக வேலை செய்வது. புராஸசருக்கும் அதற்கும் இடையே கம்பி நீண்டால், நடுவில் ஒரு சாக்கெட் குறுக்கிட்டால், சிக்னல் சிதையும். சோ-டிம் அட்டையில் அந்த வகையைப் போட முடியாது. 2020 நவம்பரில் வந்த ஆப்பிள் எம்1-ல் மெமரி புராஸசரின் உறைக்குள்ளேயே போய்விட்டது. வேகமும் பேட்டரி ஆயுளும் கூடியது நிஜம். ரிப்பேர் செய்ய வசதியான மெஷின் என்றே பெயர் வாங்கிய கம்பெனி ஒன்றைப் பற்றிப் பின்னால் சொல்லப்போகிறேன். 2025-ல் அவர்களே ஒரு மேஜைக் கம்ப்யூட்டரில் மெமரியைச் சாலிடர் செய்துதான் கொடுத்தார்கள். அந்த ஏ.எம்.டி. சில்லின் வேகத்துக்குக் கழற்றும் மெமரி ஒத்துவரவில்லை. இயற்பியலோடு சண்டை போட முடியாது.

ஆனால் எல்லாவற்றையும் இயற்பியல் தலையில் கட்ட முடியுமா?

பேட்டரியைப் பசை போட்டு ஒட்டுவதற்கு எந்த விதியும் சொல்லவில்லை. பேட்டரி தேயும் பொருள், சில வருஷங்களில் மாற்றியே ஆக வேண்டும் என்று தெரிந்தே ஒட்டுகிறார்கள். அது அவசியமில்லை என்பதற்கு ஆப்பிளே சாட்சி. 2021 மேக்புக் ப்ரோவில் இழுத்தால் விட்டுக்கொடுக்கும் பட்டைகளைப் பேட்டரியின் கீழ் வைத்தார்கள். கீபோர்டை மேல் பாகத்தோடு நிரந்தரமாக இணைப்பதும் அப்படித்தான். 2015 முதல் வந்த ஆப்பிளின் 'பட்டர்ஃபிளை' கீபோர்டில் தூசி புகுந்தால் ஓர் எழுத்து அடிக்காது. அதற்காக மேல் பாகம் மொத்தமும் மாற்ற வேண்டி வந்தது. வழக்கு நடந்து, 2022-ல் 5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள்.

அடுத்தது விலை. 2020-ல் எம்1 ஏரில் 8 ஜி.பி.யை 16 ஆக்க, வாங்கும்போதே 200 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கடையில் 8 ஜி.பி. சோ-டிம் அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைத்த காலம் அது. இரண்டும் ஒரே ஜாதி மெமரி இல்லைதான். ஆனால் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்கிற வழி அடைபட்டால், விலையைச் சொல்கிறவர் ஒருவர்தானே!

பூட்டு என்பது புரோகிராமிலும் உண்டு. நான் புகழ்ந்த திங்க்பேடிலேயே, பட்டியலில் இல்லாத ஒய்-ஃபை அட்டையைச் சொருகினால் பயாஸ் கிளம்பவே மறுத்த மாடல்கள் பல. பாகத்தின் எண்ணும் போர்டின் எண்ணும் பொருந்தினால்தான் முழுதாக வேலை செய்வேன் என்று அடம் பிடிக்கும் மெஷின்கள் பின்னால் வந்தன. கையேட்டை மறைப்பதும் ஒரு பூட்டுதான். 2012-ல் ஆஸ்திரேலியாவில் ஓர் இளைஞர் சர்வீஸ் மேனுவல்களைத் திரட்டி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்து வந்தார். தோஷிபா வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, தங்கள் மேனுவல்களை எடுக்க வைத்தது.

ஆக என் தீர்ப்பு இது: மெமரியின் சாலிடருக்கு ஓரளவு காரணம் இருக்கிறது. பசைக்கும், பூட்டுக்கும், மறைத்த கையேட்டுக்கும் இருப்பது சால்ஜாப்பு.

இதன் வலி யாருக்கு? மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கடைசி வருஷ மாணவி, மெல்லிய ஒரு மெஷினைக் கொண்டுவந்தாள். "அங்கிள், ஆன் ஆகவே மாட்டேங்குது. புது போர்டு போடணுமாம், முப்பத்தெட்டாயிரம் ஆகும்கறாங்க. அதைவிட, என் பிராஜெக்ட் மொத்தமும் இதுக்குள்ள இருக்கு" என்றாள். பழைய மெஷினாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டு ஐந்து நிமிஷத்தில் பிராஜெக்டைக் கையில் கொடுத்திருப்பேன். இதில் சேமிப்புச் சில்லும் போர்டிலேயே சாலிடர். போர்டு செத்தால் அதிலுள்ளதும் சேர்ந்து சிறைப்படும். சில்லு அளவில் வேலை செய்யும் ஒரு ரிச்சி தெரு நிபுணர், மைக்ராஸ்கோப் வைத்துப் பத்து நாள் போராடி, ஷார்ட் ஆன ஒரு சின்ன கெப்பாசிட்டரைக் கண்டுபிடித்தார். பிராஜெக்ட் பிழைத்தது. அந்தப் பத்து நாளும் அந்தப் பெண் தூங்கவில்லை.

காற்று திரும்புகிறது

நம்பிக்கையான செய்திகளும் இருக்கின்றன. முன்பு ஆக்குலஸ் கம்பெனியில் இருந்த நிரவ் படேல் என்பவர் 'ஃப்ரேம்வொர்க்' என்று ஒரு நிறுவனம் தொடங்கி, 2021-ல் ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தார். மெலிசானதுதான். ஆனால் ஸ்க்ரூ டிரைவரும் பெட்டியோடு வருகிறது! ஐஃபிக்ஸிட் பத்துக்குப் பத்து போட்டது. 2022-ல் புதிய இன்டெல் போர்டும், 2023-ல் ஏ.எம்.டி. போர்டும் வந்தன. பழைய உடம்பிலேயே புது போர்டை மாட்டிக்கொள்ளலாம். கழற்றிய பழைய போர்டைத் தனிக் கம்ப்யூட்டராக வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். மெலிசாக இருக்க வேண்டுமானால் மூடித்தான் ஆக வேண்டும் என்ற வாதம் அங்கே அடிபட்டுப் போச்சு.

மெமரிக்கும் ஒரு வழி பிறந்தது. டெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் 'காம்' என்று ஒரு தட்டையான மெமரி அட்டையை உருவாக்கி, 2022-ல் தங்கள் பிரிசிஷன் மெஷின்களில் வைத்தார்கள். சொருகும் சாக்கெட்டுக்குப் பதில் போர்டின் மேல் அழுத்தி ஸ்க்ரூ போடுவது. கம்பித் தூரம் குறைகிறது. 2023 டிசம்பரில் 'ஜெடெக்' அமைப்பு அதைப் பொதுத் தரமாக்கியது. எல்.பி.டி.டி.ஆர். மெமரியையும் இந்த வகையில் கழற்றி மாட்டலாம் என்று 2024-ல் லெனோவோவின் திங்க்பேட் பி1 காட்டிற்று. இயற்பியல் போட்ட முட்டுக்கட்டையில் பாதியை இயற்பியலே அகற்றிவிட்டது! அதே வருஷம் ஐஃபிக்ஸிட்டோடு சேர்ந்து வடிவமைத்த திங்க்பேட் டி14, பத்துக்கு ஒன்பது வாங்கிற்று.

சட்டங்களும் வந்தன. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் கடையில் விலைச் சீட்டின் பக்கத்திலேயே மடிக்கணினிக்கு 'ரிப்பேர் மதிப்பெண்' போட வேண்டும். நியூயார்க்கின் ரிப்பேர் உரிமைச் சட்டம் 2023 டிசம்பர் கடைசியிலும், கலிபோர்னியா, மினசோட்டா சட்டங்கள் 2024 ஜூலை முதல் தேதியிலும் நடைமுறைக்கு வந்தன. கையேடு, கருவி, பாகம் மூன்றையும் பொதுமக்களுக்கும் கொடு என்பது இவற்றின் சாரம். பாகத்தின் எண்ணைப் பொருத்தும் பூட்டை ஓரிகான் மாநிலம் 2024-ல் போட்ட சட்டத்தில் தடுத்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24-ல் ஓர் இணைய வாசலையும் திறந்தது. தகவல் கொடுக்கும் ஏற்பாடு அது. மேற்சொன்ன சட்டங்களின் பல் அதற்குக் கிடையாது.

ஸ்க்ரூ மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். மெமரி ஏற்றி, எஸ்.எஸ்.டி. போட்டு, குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ மெஷின்கள் ஒரே நாளில் 'வயசாச்சு' என்று முத்திரை குத்தப்பட்டன. லினக்ஸ் போட்டு அவற்றில் பலவற்றை இன்னும் ஓட்டலாம். நான் ஓட்டுகிறேன்.

நாம் என்ன செய்யலாம்?

நம் மாநிலம் மடிக்கணினியை மொத்தமாக வாங்கிய அனுபவம் உள்ள மாநிலம். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் பல லட்சம் பேர் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டரைச் சொந்தமாகத் தொட்டார்கள். 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். இருபது லட்சம்! சான் பிரான்சிஸ்கோ நகராட்சி தன் ஆபீஸ்களுக்கு வாங்கியதைவிட எத்தனையோ மடங்கு. இந்த அளவு வாங்குகிறவர்கள் டெண்டரில் இரண்டு வரி சேர்த்தால் போதும். 'பேட்டரி ஸ்க்ரூவில் இருக்க வேண்டும். சர்வீஸ் மேனுவலும் உதிரி பாகமும் ஐந்து வருஷத்துக்குக் கிடைக்க வேண்டும்.' கம்பெனிகள் செய்துதான் தீரும்.

நம் செட்டில் பலர் இன்று பெரிய பெரிய இடங்களில் பர்ச்சேஸ் கமிட்டியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறீர்கள். வங்கியில், மின் வாரியத்தில், சாஃப்ட்வேர் கம்பெனிகளில், கல்லூரி நிர்வாகங்களில். விலை, வாரண்டி, கலர் எல்லாம் கேட்கிறீர்கள். திறக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்களா? திங்க்பேடுக்குக் கையேடு வந்தது மொத்தமாக வாங்கியவர்கள் கேட்டதால்தான். ஆப்பிள் சில நாட்களில் திரும்பி வந்ததும் அப்படித்தான்.

தம்பி தங்கைகளுக்கு: வாங்கும் முன் கடைக்காரரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். மெமரிக்கு ஸ்லாட் இருக்கிறதா, எத்தனை? எஸ்.எஸ்.டி. கழற்றுகிற எம்.2 வகையா? பேட்டரி ஸ்க்ரூவிலா, பசையிலா? சர்வீஸ் மேனுவல் கம்பெனியே வெளியிட்டிருக்கிறதா? கீபோர்டு தனியாக மாற்றலாமா? "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க தம்பி" என்பார். நீங்கள் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவரே சொல்ல ஆரம்பிப்பார். மெமரி சாலிடர் செய்த மெஷின்தான் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் நாலாவது வருஷத்துக்கும் சேர்த்து, முதல் நாளே போதுமான மெமரியோடு வாங்குங்கள். பிராஜெக்டுக்கு எப்போதும் வெளியே ஒரு பிரதி இருக்கட்டும்.

கடைசியாக நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். ஒரு அறை, இரண்டு சாலிடரிங் ஸ்டேஷன், ஒரு மைக்ராஸ்கோப், நல்ல ஸ்க்ரூ டிரைவர் செட் நாலு. மாதம் ஒரு சனிக்கிழமை மாணவர்கள் தங்கள் மெஷினைத் தாங்களே திறந்து பழகட்டும். முதல் செட் டிரைவர்களை நான் வாங்கித் தருகிறேன். சனிக்கிழமைகளில் வந்து உட்காரவும் தயார். மற்றதை நம் செட் பார்த்துக்கொள்ளாதா என்ன?